ஒன்பதாயிரம் பேரின் தூக்கம்

கோகிலவாணி ஒரே கேள்வியை ஒன்பதாயிரம் பேரிடம் கேட்டவள். ஆறு வருடம், ஞாயிறு போக மீதி நாளெல்லாம், அறுவை முடிந்து கண் விழிக்கிறவர்களின் கட்டிலோரம் நின்று கேட்டாள். படிவத்தில் அந்தக் கேள்வி இப்படி அச்சாகியிருந்தது: 'மயக்கத்தில் ஆழ்ந்ததற்கும் மீண்டதற்கும் இடைப்பட்ட நேரத்தில் நிகழ்ந்தவை ஏதேனும் தங்கள் நினைவில் உள்ளனவா?' நாக்கு வறண்டு, வயிற்றில் புதுத் தையலோடு, எங்கே கிடக்கிறோம் என்றே தெரியாமல் விழிக்கிற ஒரு மனுஷியிடம் போய் இதை வாசித்தால் அவள் என்ன செய்வாள், பாவம்? முதல் வாரத்திலேயே கோகிலவாணி அதைத் தன் ஊர் வாய்க்குத் தோதாகச் சுருக்கிக்கொண்டாள். நெற்றியை ஒரு தடவை தடவிக்கொடுப்பாள், குனிந்து கேட்பாள்.

"நல்லா தூங்குனீங்களாங்க?"

"நல்லா தூங்குனேனுங்க அம்மிணி."

'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக். பிறகு அடுத்த கட்டில்.

இப்படி ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினான்கு பேர். ஒவ்வொரு டிக்குக்கும் பின்னால், அந்த ஆள் மேசையில் கிடந்த நேரமெல்லாம் நெற்றியில் ஒட்டிய பட்டைகள் பதிந்துவைத்த மூளை அலை இருந்தது. அலையையும் பதிலையும் ஜோடி ஜோடியாகக் கணினிக்குப் புகட்டி, 'இதுதான் தூக்கம், நன்றாகப் பார்த்துக்கொள்' என்று பழக்கினார்கள். அதில் பிறந்ததுதான் விழிப்புமானி. ஆஸ்பத்திரியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, 'நம்பர்' என்பார்கள். நூறு என்றால் முழு விழிப்பு. ஐம்பதுக்குக் கீழே வந்தால் நல்ல தூக்கம், கத்தியை எடுக்கலாம்.

நம்பர் வந்ததும் காலம் மாறிப்போனது உண்மை. முன்பெல்லாம் எதற்கும் இருக்கட்டும் என்று மயக்க மருந்தை ஒரு கை கூடவே ஏற்றுவார்கள். பலவீனமான நெஞ்சு அதிலேயே நின்றுவிடும். இப்போது மெஷின் சொல்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றானது. எண்பது வயதுக் கிழவர்களெல்லாம் மேசையேறி நடந்து வீட்டுக்குப் போனார்கள். இரண்டே வருடத்தில் தமிழ்நாடு முழுக்க அந்த மெஷின் போய்ச் சேர்ந்தது. அவள் வேலை பார்த்த அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் விழா எடுத்து, கேள்வி கேட்ட நர்ஸுக்கு ஒரு சால்வையும் கேடயமும் கொடுத்தார்கள். மேடையேறி அதை வாங்கினாள் கோகிலவாணி. வாழ்க்கையில் அவள் பெருமைப்பட்ட நாள் அதுதான், அதை மறைத்துப் பேசுவானேன்.

அப்பேர்ப்பட்டவளின் புருஷன்தான் ஆப்பரேஷனுக்கு வரமாட்டேன் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளியங்கிரி கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவர். வாய் ஓயாத ஆள். வண்டியில் வரும் அறுபது பிள்ளைகளில் யாருக்கு எத்தனை பேப்பர் அரியர் என்பதுகூட அவருக்கு மனப்பாடம். ஐப்பசியில் ஒருநாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டி உட்கார்ந்தவரை ஸ்கேன் செய்து பார்த்ததில், நெஞ்சின் வால்வு ஒன்று சுருங்கி ஊசித் துவாரமாகியிருந்தது. ஆறு மாதம், அதற்குள் சரி செய்தாக வேண்டும், அதற்கு மேல் பொறுப்பில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. கேட்டால் "பாத்துக்கலாம்" என்பார். கோகிலவாணி கெஞ்சினாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை. இருபத்து மூன்று வருடம் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனுஷன் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தார். அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவளுக்குத் தைரியம் இல்லை.

தை மாதம் நஃபீசா வந்தாள். சென்னையில் மூளை ஆராய்ச்சி செய்யும் சின்ன வயது டாக்டர். பெரிய மருத்துவர் சென்னியப்பனின் அனுமதியோடு ஒரு வலைத்தொப்பியைக் கொண்டுவந்து, மயக்கத்தில் இருக்கும் நோயாளிகளின் தலையில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோகிலவாணியைத் தேடி வந்தாள். முகம் சரியில்லை.

"அக்கா, கடைல தேங்காய் எப்படி வாங்குவீங்க?"

"தட்டிப் பாத்துத்தானுங்க மேடம்."

"இந்தத் தொப்பியும் அதைத்தான் செய்யுது. உங்க பழைய மெஷின் மூளை தானா போடுற சத்தத்தை ஒட்டுக்கேக்குது, அவ்வளவுதான். இது தட்டிப் பாக்கும். தூங்குற மூளைல தட்டினா தட்டின இடத்துலயே அடங்கிடும். முழிச்சிருக்குற மூளைல ஒரு இடத்துல தட்டினா எல்லா இடமும் பதில் சொல்லும்."

"செரிங்க."

"முந்நூறு பேருக்கு மாட்டிப் பாத்தேன். நம்பர் நாற்பத்தஞ்சு காட்டுது, நல்ல தூக்கம்னு எல்லாரும் வேலையை ஆரம்பிக்கிறாங்க. ஆனா அதுல நாலுல ஒருத்தர் முழிச்சிட்டிருக்காங்க அக்கா. கை காலை அசைய விடாத மருந்தும் சேத்து குடுக்குறதால சொல்ல முடியாம கிடக்குறாங்க."

கோகிலவாணி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "அப்பிடியெல்லாம் இருக்காதுங்க மேடம். நான் ஒவ்வொருத்தரையும் கேட்டிருக்கறனுங்க."

"அதான் எனக்கும் புரியல. நீங்க சேத்த பழைய அலைகளை எல்லாம் திரும்பப் போட்டுப் பாத்தேன். ஒன்பதாயிரத்துல நானூத்தி அறுபது பேர் அன்னைக்கே முழிச்சிருந்திருக்காங்க. எல்லாருக்கும் 'இல்லை'ன்னு டிக் இருக்கு. மெஷின் அவங்க அலையையும் தூக்கம்னு படிச்சுக்கிச்சு. இப்போ எல்லாரையும் அந்த அளவுக்குத்தான் கொண்டுவந்து நிறுத்துது. அக்கா, ஒரே ஒருத்தரையாவது நேர்ல போய்ப் பாக்கணும். வர்றீங்களா?"

பொய்யாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில், நஃபீசா நீட்டிய பட்டியலில் ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் பதிவேட்டில் பெயர் பார்த்துக்கொண்டு கோகிலவாணி கிளம்பினாள்.

அமராவதி வாய்க்கால் ஓரத்தில் பழனாத்தாளின் தோட்டம். நான்கு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். ஐந்து வருடத்துக்கு முன்னால் பித்தப்பையை எடுத்தது. கோகிலவாணியைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டு, கையைப் பிடித்து உட்காரவைத்து, இரண்டு பேருக்கும் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லாருக்கீங்களா அம்மிணி? என்ற வவுத்துவலிய எடுத்து எறிஞ்சவங்களாச்சே நீங்கெல்லாம்."

"ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தமுங்க. அன்னிக்கு ஆப்பரேசன் பண்ணுனப்ப நல்லா தூங்குனீங்கதான?"

"நல்லா தூங்குனேனுங்க."

கோகிலவாணி நஃபீசாவைப் பார்த்தாள், 'கேட்டுக்கொண்டாயா' என்கிற மாதிரி. நஃபீசா மோரைக் கீழே வைத்தாள்.

"அம்மா, உங்க மூளையோட பதிவு எங்ககிட்ட இருக்கு. அதை வெச்சுப் பாத்தா நீங்க அன்னைக்கு முழிச்சிருந்தீங்கன்னு மெஷின் சொல்லுது."

பழனாத்தாள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று பார்த்தால், அழுகைதான்.

"மெசினே சொல்லிப்போடுச்சுங்களா? அப்ப எனக்குப் பைத்தியம் இல்லீங்களா? என்ற பையன்கிட்டச் சொன்னனுங்க. மயக்கத்துல கண்ட கனா, வெளிய சொல்லாத சிரிப்பாங்கன்னான். அஞ்சு வருசமா நானும் அப்பிடித்தான் நெனச்சுட்டிருக்கறேன்."

"கனா இல்லீங்க. என்ன நடந்துது சொல்லுங்க," என்றாள் நஃபீசா, அவளை அறியாமலே அந்த ஊர் மரியாதை ஒட்டிக்கொள்ள.

"அறுக்கறது தெரிஞ்சுதுங்க. ஒரு டாக்டரோட புள்ளைக்கு டான்ஸு மேடையேத்தம். சேலை கத்திரிப்பூக் கலரா, மாம்பழக் கலரான்னு பேசிட்டே அறுத்தாங்க. கத்திரிப்பூன்னு முடிவாச்சு. அப்பறம் தைச்சாங்க."

அந்த அரங்கேற்றத்துக்குக் கோகிலவாணி போயிருந்தாள். கத்திரிப்பூ நிறப் பட்டுதான்.

"ஏனுங்க, நான் வந்து கேட்டனல்லங்க," என்றாள் கோகிலவாணி. "அன்னிக்கே சொல்லியிருந்தா..."

"நீங்க அத்தன பிரியமா தலையத் தடவிக் கேட்டீங்க அம்மிணி. என்ற ஊட்டுக்காரரு போனதுக்கு அப்பறம் நல்லா தூங்குனியான்னு என்னைய ஒருத்தரும் கேட்டதில்லீங்க. உசுரக் காப்பாத்தி உட்டவங்க மொகத்துக்கு நேரா, இல்லீங்க, நீங்க பண்ணுனது கொடுமைங்கன்னு எப்பிடிச் சொல்லுவேன்? உங்க மனச எதுக்கு நோகடிக்கறதுன்னு இருந்துட்டேன்."

திரும்பும் வழியெல்லாம் நஃபீசாதான் பேசிக்கொண்டு வந்தாள். கோகிலவாணிக்குக் காதில் எதுவும் விழவில்லை. அவள் ஊரில் பசி வயிற்றைக் கிள்ளினாலும், அடுத்த வீட்டில் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டால் 'ஆச்சுங்க' என்றுதான் சொல்வார்கள். அவளும் ஆயிரம் தடவை அப்படிச் சொன்னவள்தான். கேட்கிறவர் மனம் கோணக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். படிவத்தில் இருந்த அந்தக் கரடுமுரடான கேள்வியை அப்படியே வாசித்திருந்தால் யாராவது ஒருவர் திடுக்கிட்டு உண்மையைச் சொல்லியிருப்பார்களோ என்னவோ. அவள் அன்பாகக் கேட்டாள். அவர்கள் அன்பாகப் பொய் சொன்னார்கள். ஒரு மெஷின் உட்கார்ந்து அத்தனையையும் நம்பிவிட்டது.

நஃபீசாவிடம் இருந்த பட்டியலில் எண்கள் மட்டும்தான். எந்த எண் யார் என்பது பதிவேட்டில் இருந்தது, பதிவேடு கோகிலவாணியின் பொறுப்பில் இருந்தது. மறுநாள் காலையில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடிப் போனாள். சிலரின் முகங்கள் நினைவுக்கு வந்தன. ஊருக்குப் போனதும் வாழைத்தார் அனுப்பியவர் ஒருவர். போகும்போது காலில் விழப் பார்த்த ஒரு பெண். எல்லாரும் விழித்துக் கிடந்தவர்கள்.

ஏழாயிரத்து நூற்றுப் பதினெட்டு: வெள்ளியங்கிரி, வயது நாற்பத்து நான்கு, குடலிறக்கம். பக்கத்தில் அவள் கையாலேயே போட்ட டிக்.

நான்கு வருடத்துக்கு முன்னால் நடந்தது. புருஷன் என்பதால் மற்ற நர்ஸுகள் கேலி செய்ய, இவளும் சிரித்துக்கொண்டே போய் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டாள். அவரும், "நல்லா தூங்குனேன், போ," என்றார்.

அதன் பிறகுதான் அவர் சலூனுக்குப் போவதை விட்டார். சாய்ந்து படுத்துக் கழுத்துவரை துணி போர்த்திக்கொள்ள முடியவில்லை என்று வீட்டிலேயே சவரம் செய்துகொண்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே கைவிரல்களை மடக்கி மடக்கி நீட்டுவார். தூக்கத்தில்கூடக் கால்விரல்கள் ஆடிக்கொண்டே இருக்கும். நரம்புத் தளர்ச்சி என்று முடிவு கட்டி, கோகிலவாணி இரண்டு வருடமாக அவருக்குச் சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்கார நர்ஸ்!

ஞாயிற்றுக்கிழமை அவர் முற்றத்தில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏனுங்க, குடலிறக்கம் பண்ணுனப்ப நீங்க தூங்கலீங்களா?"

ரேசர் கன்னத்தில் நின்றது. "யாரு சொன்னா?"

"மெசினு சொல்லுதுங்க."

அவர் சோப்பைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருபக்கம் சவரமாகியும் ஒருபக்கம் ஆகாமலும் இருந்த முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"வலியக்கூடப் பொறுத்துக்கலாம் கோகிலா. விரல ஆட்டிப் பாக்கறேன், ஆடல. கண்ணத் தொறக்கறேன், தொறக்கல. கத்தறேன், சத்தம் வரல. மூச்சக்கூட அந்த மெசினுதான் உடுது, நான் உடல. செரி, செத்துப்போயிட்டம் போலிருக்குன்னு நெனச்சேன். செத்தாலும் எல்லாம் தெரிஞ்சுட்டேதான் இருக்கும், இதுக்கு முடிவே இல்லியாட்டிருக்குன்னு நெனச்சேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமல்லங்க."

"நீ சிரிச்சுட்டே வந்து கேட்ட. அந்த வேலையப் பத்தி எத்தன பெருமையாப் பேசுவ. சொல்ல வாய் வரல."

"இந்த வெரல ஆட்டறது..."

"ஆடுதான்னு பாத்துக்கறது."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அதற்கும் அவளைத்தான் தேற்றினார். ஆப்பரேஷனைப் பற்றி இருவரும் பேசவில்லை, பேசவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை டாக்டர் சென்னியப்பனின் அறைக்குப் போனாள். இருபது வருடமாக மயக்க மருந்து கொடுக்கிறவர், நல்ல மனுஷர். நஃபீசாவின் அறிக்கை மேசையில் கிடந்தது. அவரும் சரியாகத் தூங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும் போலிருந்தது.

"புதுத் தொப்பிய மாட்டி, முழுசாத் தூங்க வெச்சு அவருக்குப் பண்ணிரலாமல்லங்க சார்?"

"உட்காருங்க சிஸ்டர். அவரோட நெஞ்ச நிறுத்தி மறுபடி ஓட வைக்க முடியாது. துடிக்கத் துடிக்கவேதான் வால்வுல கை வைக்கணும். நெஜமாத் தூங்கணும்னா இப்பக் குடுக்கறதுல ஒண்ணரை மடங்கு மருந்து வேணும். அத அந்த நெஞ்சு தாங்காது, பாதியிலயே நின்னுரும். தாங்கற அளவு குடுத்தா அவர் முழிச்சிருப்பார். வலிக்கு மருந்து போடலாம், அதுவும் கொஞ்சந்தான்."

"மறக்கறதுக்கு ஊசி இருக்குதல்லங்க?"

"போன தடவையும் போட்டோம். அவருக்கு மறந்துச்சா?"

டாக்டர் மேசையில் கிடந்த அறிக்கையை ஓரமாகத் தள்ளினார்.

"போன மாசம் நீங்க வந்திருந்தா நம்பர் நாற்பத்தஞ்சுன்னு காட்டியிருக்கும். நானும் நிம்மதியாப் பண்ணியிருப்பேன். அவரும் பொழச்சிருப்பார்," என்றார் டாக்டர். "இத்தன வருசமா அப்பிடித்தான பண்ணியிருக்கறேன். இப்ப நம்பரத் தூக்கிப் போட்டா இந்த ஜில்லாவுல மட்டும் வருசத்துக்கு நூறு பேர் மேசையிலயே போவாங்க. வெச்சிருந்தா நாலுல ஒருத்தர் சித்திரவதை அனுபவிப்பாங்க. எது பாவம்னு யாராவது சொன்னாத் தேவல."

அன்று சாயங்காலம் கோகிலவாணி புருஷனிடம் பொய் சொன்னாள். யோசித்துத் திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. படியேறி வந்தவர் மூன்றாம் படியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள், வாயில் வந்துவிட்டது.

"புது மெசினு வந்திருக்குதுங்க. தலையில தட்டிப் பாத்து, முழுசாத் தூங்குனதுக்கு அப்பறந்தான் கத்தியவே எடுப்பாங்க. இந்தத் தடவ ஒண்ணுமே தெரியாதுங்க. நான் பக்கத்துலயே நிப்பேன்."

"நெசமாவா?"

"எம்மேல சத்தியமுங்க."

அவர் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். "செரி," என்றார். "வெள்ளிக்கெழம வெச்சுக்கலாம்னு சொல்லிரு."

உயிரோடு இருந்தால் போதும், பிறகு எத்தனை வருடமானாலும் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரை மேசையில் ஏற்றினார்கள். தலையில் வலைத்தொப்பி, நெற்றியில் பழைய பட்டை. தலைமாட்டில் இரண்டு திரை. ஒன்றில் நம்பர். இன்னொன்றில் மூளையின் படம், பத்து நொடிக்கு ஒருமுறை தட்டும்போது அதில் ஒரு புள்ளி ஒளிரும். ஒளிர்ந்த இடத்திலேயே அணைந்தால் தூக்கம், படம் முழுக்கப் பரவினால் விழிப்பு. நஃபீசா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கோகிலவாணி அவர் கால்மாட்டில் நின்றாள். மருந்து ஏறியதும் புள்ளி ஒளிர்ந்து அணைந்தது. மறுபடி ஒளிர்ந்தது, அணைந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒருவேளை டாக்டரின் கணக்கு தப்பாகவும் இருக்கலாமே!

விலாவைத் திறந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். இரத்த அழுத்தம் சரிய ஆரம்பித்தது. சென்னியப்பன் மருந்தைக் குறைத்தார். அடுத்த தட்டலில் ஒளி அணையவில்லை, ஓரங்களை நோக்கிப் பரவியது. அதற்கடுத்ததில் படம் முழுக்க ஒளிர்ந்தது.

"முழிச்சிட்டார்," என்றாள் நஃபீசா.

பக்கத்துத் திரையில் நம்பர் நாற்பத்து நான்கு காட்டியது.

சென்னியப்பன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு கோகிலவாணி பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நீங்கதான் சொல்லணும். மருந்தக் கூட்டுனாத் தூங்கிருவார், ஆனா நெஞ்சு அநேகமா நிக்கும். கூட்டாட்டி இப்பிடியேதான், இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

"என்னைய எதுக்குங்க சார் கேக்கறீங்க?"

"ஒப்புதல் படிவத்துல அவர் எழுதியிருக்கார். நடுவுல விழிப்பு தெரிஞ்சா முடிவெடுக்க வேண்டியது என் மனைவின்னு."

"அவருக்கு... இது தெரியுமுங்களா?"

"செவ்வாய்க்கிழமையே தனியா வந்து கேட்டாரும்மா. எல்லாத்தையும் சொன்னேன். சொல்லாம எப்படிக் கையெழுத்து வாங்கறது?"

திங்கள் சொன்ன பொய், செவ்வாயே உடைந்திருக்கிறது. அதற்கப்புறமும் மூன்று நாள் அந்த மனுஷன் ஒன்றும் தெரியாத மாதிரி அவள் போட்டதைச் சாப்பிட்டு, அவளோடு சிரித்துப் பேசி, இன்று தானாக வந்து மேசையேறியிருக்கிறார். அவளுக்காகத்தான். தான் பிழைக்கவேண்டும் என்று இவள் தவிக்கிற தவிப்பைப் பார்த்து, அந்த நரகத்துக்குள் மறுபடி போகச் சம்மதித்திருக்கிறார். அவளுக்கு அப்படித்தான் புரிந்தது. வேறு எப்படிப் புரியும்?

"கூட்ட வேண்டாங்க சார்," என்றாள். "நடத்துங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"உசுரு வேணுமுங்க. நடத்துங்க."

அறுவை அரங்கில் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை. மேசையில் இருக்கிறவர் தூங்குகிறார் என்பது அங்கே எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். திரையில் மறுபடி ஒளி பரவியபோதுதான், தான் சொன்னதை அவர் கேட்டிருப்பார் என்பது அவளுக்கு உறைத்தது. ஓடிப்போய்த் தலைமாட்டில் குனிந்து காதருகே என்னென்னவோ சொன்னாள். நான் இங்கதான் இருக்கறேன், கொஞ்ச நேரந்தான், ஆயிருச்சு, ஆயிருச்சு என்றாள். கொஞ்ச நேரம் இல்லை, இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு தடவைகூட அந்த ஒளி அணையவில்லை. கடைசித் தையல் போடும்வரை நஃபீசா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அழுதுகொண்டே குறித்துக்கொண்டாள்.

அவர் பிழைத்துக்கொண்டார். இன்னும் பதினைந்து வருடத்துக்குக் கவலையில்லை என்று ஸ்கேன் பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சும் ஆப்பிளும் கொண்டுவந்து வைத்து, நர்ஸைக் கட்டிய யோகம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். அதிகம் பேசவில்லை. உடம்பு அசதி என்று கோகிலவாணி எல்லாருக்கும் சமாதானம் சொன்னாள், தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம், வீட்டில், ஒருநாள் காலை பத்து மணிக்கு அவரே ஆரம்பித்தார். கோகிலவாணி அவருக்காக மாதுளை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ கூட்டச் சொல்லுவேன்னு நெனச்சேன்."

"என்னங்க?"

"மருந்த. முழிச்சுட்டேன்னு தெரிஞ்சா, போதும், அவரு தூங்கட்டும், கூட்டுங்கன்னு சொல்லீருவேன்னு நெனச்சேன். நெஞ்சு நின்னா நிக்குது. அங்க படுத்துட்டு நான் வாயத் தொறந்து கேக்க முடியாதல்லோ, அதுக்குத்தான் உன்ற பேர எழுதுனேன். என்ற நெலமை தெரிஞ்சவ நீ ஒருத்திதான. டாக்டரு கேட்டாரு, நான் உன்ற வாயையே பாத்துட்டிருக்கற மாதிரிக் கெடந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் காலில் விழுந்து அழுதிருப்பாள். அவர் சாதாரணமாக, வண்டி எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னார். அவள் கையிலிருந்த மாதுளை முத்துக்கள் தரையெல்லாம் சிதறின.

அவர் மணியைப் பார்த்தார். மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. அவரே எழுந்துபோய்த் தண்ணீர் ஊற்றிப் போட்டுக்கொண்டார்.